நோட்டீஸின் இரண்டாம் பக்கம்

ஆயுத பூஜை முடிந்த வாரம். காலை ஆறே முக்காலுக்கு எங்கள் வங்கிக் கிளையின் மேலாளர் கூப்பிட்டார். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. "மேடம், பேப்பர் பார்த்தீங்களா? உங்க சாய ஆலையை மூடச் சொல்லி ஆர்டராமே. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வருத்தமாகக் கேட்டார். எனக்கு அதுதான் அதிகம் உறைத்தது.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கம்பெனி செக்ரட்டரி. பங்குச் சந்தைக்கும் பங்குதாரர்களுக்கும் சொல்ல வேண்டியதை விதிப்படி சொல்வது என் வேலை. ஒரு நூற்பாலை, ஒரு சாய ஆலை, எழுநூறு பேர் வேலை. தொண்ணூறுகளில் பங்கு வெளியிட்டு மும்பைப் பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி. சுற்றுவட்டார விவசாயிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பழைய மில் ஊழியர்களும் இன்றும் பங்கு வைத்திருக்கிறார்கள். மக்கள் தொடர்புக்கென்று தனி ஆள் கிடையாது. காலாண்டு முடிவை விளம்பரமாகப் போடுவதோடு எங்களுக்கும் பத்திரிகைக்கும் உள்ள உறவு முடிந்துவிடும்.

செய்தி மாவட்டப் பக்கத்தில் மூன்று பத்தியாக வந்திருந்தது. ஆலையை மூட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டுவிட்டது, மின் இணைப்பைத் துண்டிக்கப் போகிறார்கள் என்பதுதான் சாரம். கடைசி வரி: நிறுவனத் தரப்பைத் தொடர்பு கொள்ள முடியவில்லை.

முழுப் பொய்யாக இருந்திருந்தால் வேலை சுலபம். இல்லை என்று ஒரு வரி போட்டு முடித்திருக்கலாம். ஆனால் ஒன்பது நாள் முன்பு எங்களுக்கு வாரியத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது உண்மை. சுத்திகரிப்பு நிலையத்தில் நீரின் ஓட்டத்தை அளக்கும் ஃபுளோ மீட்டரிலிருந்து வாரியத்துக்குத் தானாகப் போக வேண்டிய அளவு பதினோரு நாள் போகவில்லை. கசடு வைக்கும் இடத்தில் ஒரு பகுதி கூரையில்லாமல் கிடந்தது. இரண்டும் எங்கள் தவறுதான். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், பிரிவு 33ஏ-யின் கீழ் விளக்கம் கேட்டிருந்தார்கள். பதில் சொல்ல 15 நாள் அவகாசம். நாங்கள் பதில் எழுதிக்கொண்டிருந்தோம்.

எங்கே பிசகியது என்பது அந்த நோட்டீஸைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. முதல் பக்கத்தின் கடைசி வரியில் "கீழ்க்கண்ட நடவடிக்கைகளை ஏன் எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் காட்டுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்ற பொருளில் ஆங்கில வாக்கியம் முடிகிறது. பக்கத்தைப் புரட்டினால் இரண்டாம் பக்கத்தின் உச்சியில் பட்டியல் தொடங்குகிறது: ஒன்று, ஆலையை மூடுதல். இரண்டு, மின் இணைப்பைத் துண்டித்தல். அதன் கீழே கையெழுத்து, முத்திரை. நிருபரிடம் யாரோ கைப்பேசியில் காட்டியது இரண்டாம் பக்கத்தின் படம் மட்டும். "ஏன்" என்ற சொல் முதல் பக்கத்திலேயே தங்கிவிட்டது. கேள்வியாக வந்த நோட்டீஸ் உத்தரவாக அச்சாகிவிட்டது.

எங்கள் பகுதியில் இப்படி ஒரு செய்தி வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் ஒரே நாளில் ஊரே வேலை இழந்து நின்றதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாயக் கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். சாய ஆலையை மூடிவிட்டார்கள் என்றால் ஜனங்கள் உடனே நம்புவதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்தச் செய்தியை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏழரைக்கு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்டில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் போகாமல் நின்றார்கள். ஒரே கேள்விதான்: "தீபாவளி போனஸ் வருங்களா?" பஞ்சு கொடுப்பவர்கள் எம்.டி.க்கு வரிசையாகப் போன் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கிளம்பிய லாரியைப் பாதி வழியில் நிறுத்தியே வைத்துவிட்டார்.

எம்.டி. கொதித்துப்போயிருந்தார். "முற்றிலும் பொய், உள்நோக்கத்தோடு போட்டது" என்று எக்ஸ்சேஞ்சில், அதாவது பங்குச் சந்தையின் தளத்தில், போடச் சொன்னார். வக்கீல் போனிலேயே மானநஷ்ட நோட்டீஸின் தொகையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சேர்மன் மட்டும் அமைதியாக இருந்தார். எம்.டி.யின் அப்பா அவர். வயது எண்பது தாண்டியவர். "அம்மணி, நோட்டீஸ் வந்தது நெசந்தானே? அப்ப முற்றிலும்னு எப்படி எழுதுவே?" என்று கேட்டார்.

அன்று முழுக்க நான் செய்ததெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான். செய்தி தவறு என்று மட்டும் எழுதியிருந்தால், ஒரு வாரத்தில் நோட்டீஸின் முதல் பக்கமும் வெளியே வந்திருக்கும். அப்புறம் பொய் சொன்னது நாங்கள் என்றாகிவிடும். பத்திரிகை செய்தது பிழை. நாங்கள் செய்திருந்தால் அது முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றம். பத்திரிகையைத் திருத்தும் உரிமை எங்களுக்கு வேண்டுமென்றால், அதில் எங்களுக்கு வலிக்கிற உண்மையை முதலில் நாங்களே சொல்லியாக வேண்டும்.

இதில் இன்னொரு கூர்மையும் இருந்தது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, பட்டியலான கம்பெனிகளுக்கு வகுத்த விதிகளில், ஆலையை மூடும் உத்தரவு போன்ற ஒன்று வந்தால் 24 மணி நேரத்துக்குள் பங்குச் சந்தைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே "மூட உத்தரவு" என்ற செய்தியைப் படிக்கிற விவரமான முதலீட்டாளர் அதில் இரண்டு குற்றச்சாட்டுகளைப் பார்ப்பார்: ஆலை மூடப்போகிறது, கம்பெனி அதை மறைத்திருக்கிறது. இரண்டாவதுதான் நீண்ட நாள் தங்கும்.

விளக்கம் கேட்கும் நோட்டீஸ் மட்டும் வந்தபோது அதை வெளியே சொல்லத் தேவையில்லை என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். உத்தரவு எதுவும் வரவில்லை, குறைகளும் சரி செய்யக்கூடியவை என்று கோப்பில் காரணம் எழுதி வைத்திருந்தேன். விதிப்படி அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஒன்பது நாளில் நாங்களே இரண்டு வரி போட்டிருந்தால் இந்தச் செய்தி இப்படிப் பிறந்திருக்காது. விதி கேட்பது குறைந்தபட்சம். ஊரில் ஏற்கெனவே பேச்சாக இருக்கிற விஷயத்தில் குறைந்தபட்சத்தோடு நின்றது என் கணக்குப் பிழை.

எட்டு மணி முதல் ஒன்பதே முக்கால் வரை எக்ஸ்சேஞ்சுக்கான ஐந்து பத்தி விளக்கத்துக்காகச் சண்டை போட்டோம். "உள்நோக்கம்", "விஷமத்தனம்" போன்ற சொற்களை எடுத்தேன். நிருபரின் மனதில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. தெரியாததைப் பங்குச் சந்தைக்கு எழுதக் கூடாது. பத்திரிகையின் தலைப்பையும் திரும்ப எழுதவில்லை. நம் விளக்கத்தைத் தேடுகிறவருக்கும் முதலில் "மூட உத்தரவு" என்ற சொற்களே கண்ணில் படும் என்பதால்.

அப்புறம் எம்.டி. ஒன்று கேட்டார்: "இந்தக் காலாண்டு சாய ஆலையில உற்பத்தி நல்லா இருக்கு. அதையும் ஒரு வரி சேர்த்தா ஜனங்களுக்கு நம்பிக்கை வருமில்ல?" வரும்தான். ஆனால் அக்டோபர் மாதம். காலாண்டு முடிந்து, முடிவுகள் இன்னும் வெளிவராத நாட்கள். உற்பத்தியைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும் அது வெளிவராத, பங்கு விலையைப் பாதிக்கும் தகவல். ஒரு தவறான செய்தியைச் சரிசெய்யப் போய் நாமே ஒரு விதியை மீறுவதா என்று மறுத்துவிட்டேன். அவர் விட்டுக்கொடுத்தார்.

கடைசியில் போன விளக்கம் இவ்வளவுதான்: இன்ன தேதியில் வாரியத்திடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதில் சுட்டிய குறைகள் இவை இரண்டு. ஃபுளோ மீட்டர் இணைப்பு இன்ன தேதியில் சரி செய்யப்பட்டது, கூரை வேலை நடக்கிறது. பதில் தர இன்ன தேதி வரை அவகாசம் உள்ளது. ஆலையை மூடவோ மின் இணைப்பைத் துண்டிக்கவோ இன்றுவரை எந்த உத்தரவும் வரவில்லை, ஆலை வழக்கம்போல் இயங்குகிறது. கூடவே நோட்டீஸின் இரண்டு பக்கங்களையும் முழுதாக இணைத்தோம். வக்கீல் வேண்டாமென்றார். நான் பிடிவாதம் பிடித்தேன். ஒரு பக்கத்தால் வந்த சிக்கலுக்கு இரண்டு பக்கமும்தான் பதில்.

நாங்கள் போர்ட்டலில் ஏற்றியது ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு. சந்தை ஒன்பதேகாலுக்கே திறந்துவிட்டது. பங்கு ஐந்து சதவீதம் விழுந்து, அன்றைக்கு அதற்கு மேல் விழ முடியாத வரம்பான லோயர் சர்க்யூட்டில் நின்றது. விற்கத்தான் வரிசை, வாங்க ஆளில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்தும் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்திருந்தது. "கம்பெனியிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது, பதில் எதிர்பார்க்கப்படுகிறது" என்று அவர்கள் தளத்தில் ஒரு வரியும் ஏறியிருந்தது. அந்த வரியைப் பார்த்தே விற்றவர்களும் இருப்பார்கள். அதனால் அவர்கள் கேட்பதற்கு முன் நாம் போட்டுவிடுவது நல்லது. பத்திரிகையில் வரும் வதந்தியை உறுதிசெய்யவோ மறுக்கவோ வேண்டும் என்ற கட்டாயம் 2024 ஜூனிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 100 இடத்தில் உள்ள கம்பெனிகளுக்கும், அந்த டிசம்பரிலிருந்து முதல் 250 கம்பெனிகளுக்கும்தான். எங்களைப் போன்ற சிறிய கம்பெனிகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் தாமாக முன்வந்து சொல்ல யாருக்கும் தடையில்லை. எக்ஸ்சேஞ்ச் கேட்டுவிட்டால் குறிப்பாகவும் போதுமானதாகவும் பதில் சொல்வது எல்லோருக்கும் கட்டாயம். "செய்தி ஆதாரமற்றது" என்று மொட்டையாக எழுதினால் அது போதுமான பதில் ஆகாது.

காலையில் வங்கி மேலாளருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். எனக்கு முழு விவரமும் தெரியும். அவரும் எங்களுக்கு வேண்டியவர். ஆனாலும் எல்லாப் பங்குதாரருக்கும் சொல்வதற்கு முன் ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்லக் கூடாது. "சார், எக்ஸ்சேஞ்சில் போடுறோம், போட்ட நிமிஷம் உங்களுக்கு லிங்க் வரும்" என்றேன். பஞ்சு வியாபாரிகளுக்கும் அதே பதில். நிருபருக்கும் அதே வரிசை. இந்த ஒழுங்கைக் காலை ஏழு மணிப் பதற்றத்தில் கடைப்பிடிப்பது லேசான காரியமில்லை.

பதினொரு மணி வாக்கில் எம்.டி.யின் மைத்துனர் வந்தார். "மாப்பிள, விலை இவ்வளவு கீழ கிடக்கு. நமக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு தெரியுமே, இப்ப கொஞ்சம் வாங்கிப் போட்டா ஜனங்களுக்கும் தைரியம் வரும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு டிரேடிங் விண்டோ அக்டோபர் 1 முதல் மூடியிருந்தது. காலாண்டு முடிவு வெளியாகி 48 மணி நேரம் கழித்துத்தான் திறக்கும். அதுவரை இயக்குநர்களும் அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தாரும் கம்பெனிப் பங்கைத் தொடக் கூடாது. அன்று அவர் வாங்கியிருந்தால், விலையை விழவைக்கச் செய்தியைப் போட வைத்ததே இவர்கள்தான் என்று மறுநாள் பேச்சு வந்திருக்கும். அதை மறுக்க எங்களிடம் எந்தக் காகிதமும் இருந்திருக்காது. அப்போதே இயக்குநர்கள், அதிகாரிகள் எல்லோருக்கும் நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பினேன்.

நிருபரைப் பன்னிரண்டு மணிக்குப் பிடித்தேன். சின்னப் பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம். எடுத்ததும் தற்காப்பாகப் பேசினார். "நான் நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு உங்க ஆபீஸுக்கு மூணு தடவை அடிச்சேன் மேடம், யாருமே எடுக்கலை" என்றார். விசாரித்தால் உண்மை. வெப்சைட்டில் இருந்தது அலுவலக லேண்ட்லைன். ஆறு மணிக்கு மேல் எடுக்க ஆளில்லை. அதைவிடக் கொடுமை, பங்குச் சந்தைக்கான தொடர்பு அதிகாரி என்று தளத்தில் இருந்தது எனக்கு முன் இருந்தவரின் பெயரும் எண்ணும். அவர் ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. தொடர்பு கொள்ள முடியவில்லை என்று அவர் எழுதிய அந்தக் கடைசி வரி, செய்தியிலேயே முழுக்கச் சரியான வரி.

அதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அதன் பிறகுதான் அவர் குரல் மாறியது. முதல் பக்கத்தை அனுப்பி, கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எனக்கு வந்தது ஒரு பக்கம்தான் மேடம்" என்றார். யார் அனுப்பினார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு வேண்டியது திருத்தம்தான்.

ஆசிரியருக்கு எழுதிய கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்:

"இன்று தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியில், எங்கள் சாய ஆலையை மூட உத்தரவு பிறப்பிக்கப்பட்டதாகக் கூறப்பட்டுள்ளது. வாரியம் அனுப்பியிருப்பது விளக்கம் கேட்கும் நோட்டீஸ். மூடும் உத்தரவு எதுவும் இல்லை. நோட்டீஸின் இரண்டு பக்கங்களையும் இணைத்துள்ளோம். முதல் பக்கத்தின் கடைசி வரியைக் காண வேண்டுகிறோம். செய்தி வந்த அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடவும், இணையப் பதிப்பில் தலைப்பை மாற்றி, மாற்றியதைக் கீழே குறிப்பிடவும் கேட்டுக்கொள்கிறோம்."

எந்த வரி தவறு, சரியானது எது, ஆதாரம் என்ன, என்ன செய்ய வேண்டும். இவ்வளவே. கம்பெனியின் நாற்பது வருடப் பெருமையை எம்.டி. சேர்க்கச் சொன்னார், சேர்க்கவில்லை. செய்தி மேசையில் இருப்பவருக்கு இரண்டு நிமிடத்தில் சரிபார்க்க முடிகிற கடிதம் என்றால்தான் வேலை நடக்கும்.

இணையத் தலைப்பு அன்று மாலையே மாறியது. அச்சுத் திருத்தம் நான்காம் நாள் வந்தது, நான்கு வரி, பக்கத்தின் அடியில். எம்.டி.க்கு ஆறவில்லை. வழக்குத்தான் சரி என்று மறுபடி ஆரம்பித்தார். சிவில் வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்பதை வக்கீலையே சொல்ல வைத்தேன். கிரிமினல் அவதூறு இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் "சாய ஆலை, நோட்டீஸ், மூடல்" என்ற சொற்கள் திரும்பத் திரும்பச் செய்தியாகும். பத்திரிகை திருத்தவே மறுத்திருந்தால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் போயிருப்போம். முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும், நாளிதழ் என்றால் செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள் புகார் தர வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களால் கண்டிக்கத்தான் முடியும், அபராதம் போட முடியாது. இருந்தாலும் அந்த இரண்டு மாதத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன்.

உண்மையில் என்னை அதிகம் அலைக்கழித்தது வாட்ஸ்அப். பத்திரிகை திருத்திய பிறகும் பழைய கட்டிங்கின் படம் மூன்று வாரம் சுற்றியது. செய்தி வந்த அன்று சாயங்காலமே பங்கு வைத்திருக்கும் ஒரு பெரியவர், கோபி பக்கத்து விவசாயி, கூப்பிட்டு, "கண்ணு, எக்ஸ்சேஞ்சுல போட்டிருக்கீங்கன்னு பையன் சொல்றான். இங்கிலீசுல இருக்குது. எனக்கு என்ன தெரியும்?" என்றார். எங்கள் விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. எங்களுக்குத் தீங்கு செய்த செய்தி தமிழில் இருந்தது. அது எட்டிய இடத்துக்கு எங்கள் பதில் எட்டவே இல்லை.

அன்று இரவே விளக்கத்தைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதினோம். எக்ஸ்சேஞ்சில் போட்டதற்கு ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கைப்பேசியில் படமாக அனுப்பினாலும் படிக்கும்படி பெரிய எழுத்து, மேலே தேதி, கீழே என் பெயரும் எண்ணும். கேட்டில் ஒட்டினோம். பஞ்சுக்காரர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் அனுப்பினோம். ஒடியா தெரிந்த சூப்பர்வைசர் ஒருவர் ஒடிசாத் தொழிலாளர்கள் தங்கும் விடுதியில் வாசித்துக் காட்டினார். எம்.டி. கேட்டுக்கே வந்து, போனஸ் தேதியைச் சொன்னார். நிறுத்திய லாரி மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தது. பங்கு இரண்டாம் நாளும் விழுந்தது, அப்புறம் மெல்ல ஏறியது. பழைய விலைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு நாளில் பயந்து விற்ற சின்ன முதலீட்டாளர்களுக்கு அந்தப் பணம் திரும்பி வராது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு சங்கடப்படுகிறது.

இப்போது எங்களிடம் ஒரு கோப்பு இருக்கிறது. வாரியம், தொழிலாளர் துறை, ஜி.எஸ்.டி. என்று எங்கிருந்து எந்த நோட்டீஸ் வந்தாலும் அன்றே ஒரு பக்கக் குறிப்பு தயாராகும்: என்ன கேட்டிருக்கிறார்கள், என்ன கேட்கவில்லை, நாம் என்ன செய்கிறோம். ஆங்கிலத்திலும் தமிழிலும். வெளியே சொல்ல வேண்டுமா என்பது அப்புறம் முடிவாகும். தளத்தில் இருக்கும் எண் என் கைப்பேசிக்கு வருகிறது. மாதம் ஒருமுறை இரவு எட்டு மணிக்கு வெளி எண்ணிலிருந்து நானே அடித்துப் பார்க்கிறேன்.

கூரை போட்டு முடித்து, பதில் கொடுத்து, வாரியத்தார் நேரில் வந்து பார்த்த பிறகு நோட்டீஸை முடித்துவைத்த கடிதம் தை மாதம் வந்தது. கையில் கிடைத்த மூன்று மணி நேரத்தில் எக்ஸ்சேஞ்சில் போட்டோம், தமிழ்ப் பக்கத்தையும் சேர்த்து. போட்ட பிறகு அந்த நிருபருக்கும் அனுப்பினேன். சாயங்காலம் ஏழேகாலுக்கு என் போன் அடித்தது. "மேடம், இதுல ரெண்டு பக்கம்தானா, மூணாவது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இரண்டுதான் என்றேன்.